வந்தார், வந்திருக்கிறார்

உங்கள் வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை இருந்தால், இன்று மாலை அதனிடம் இரண்டு செய்திகளைத் தனித்தனியே சொல்லிப் பாருங்கள். "மாமா வந்தார்" என்று ஒரு முறை. "மாமா வந்திருக்கிறார்" என்று மறுமுறை. முதலாவதைக் கேட்ட பிள்ளை, "எப்போ?" என்று வினவும். இரண்டாவதைக் கேட்டால் ஒன்றும் வினவாது. மாமாவின் கைப்பையைத் தேடி வாசற்புறம் ஓடும். "வந்தார்" என்றால் அது நடந்து முடிந்த சங்கதி. வந்தவர் இப்போது இருக்கலாம், போயும் இருக்கலாம். "வந்திருக்கிறார்" என்றால் ஆள் வீட்டில் இருக்கிறார். இவ்வேறுபாட்டை அப்பிள்ளைக்கு எந்த ஆசிரியரும் கற்பிக்கவில்லை.

ஆங்கில இலக்கணத்தில் நம்மவர் மிகுதியும் அஞ்சும் பகுதி இதுவேதான். அங்கே அதன் பெயர் பிரசன்ட் பர்ஃபெக்ட். "அங்கிள் கேம்" என்றால் மாமா வந்தார். "அங்கிள் ஹேஸ் கம்" என்றால் மாமா வந்திருக்கிறார்.

சென்ற இதழில் ஒரு வினைச்சொல்லின் மூன்று வடிவங்களைக் கண்டோம்: கோ, வென்ட், கான், டேக், டுக், டேக்கன். அதைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதியவர்களுள் பாதிப்பேருக்கு மேல் ஒரே வேண்டுகோளை விடுத்திருக்கிறார்கள். "பன்னிரண்டு காலங்களையும் ஓர் அட்டவணையாக அச்சிட்டுவிடுங்கள், வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்கிறோம்" என்கிறார்கள். மன்னிக்க வேண்டும், நான் அச்சிடப் போவதில்லை. அந்த அட்டவணை எந்தப் பள்ளிப் புத்தகத்திலும் கிடைக்கும். அதை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். அதை ஒப்புவித்து முழு மதிப்பெண் பெற்ற மாணவர்கள், மறுநாளே விடுப்பு விண்ணப்பத்தில் "ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ்" என்று எழுதி நீட்டுவார்கள். நானும் சிவப்பு மையால் ஒரு கோடு கிழித்து அனுப்பிவிடுவேன். அந்தக் கோடு போதாது என்பது எனக்குப் பின்னாளில்தான் விளங்கிற்று.

2018ஆம் ஆண்டு நடந்தது இது. என் தங்கை இங்கிலாந்தில் குடியிருக்கிறாள். அவளுடைய மாமியார் சில மாதங்கள் அவளோடு தங்கப் போயிருந்தார்கள். அம்மையாருக்கு இதய நோய் உண்டு. இரத்தம் உறையாதிருக்க நாள்தோறும் ஒரு மாத்திரை சாப்பிடுபவர்கள். போன இடத்தில் கடைவாய்ப் பல் ஒன்று சீழ்பிடித்து வலி பொறுக்க முடியவில்லை. பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருக்கிறாள். பல்லைப் பிடுங்கும் முன் என்னென்ன மருந்துகள் சாப்பிடுகிறார் என்று மருத்துவர் கேட்க, மாத்திரையின் பெயரைச் சொல்லி, "ஷீ டுக் திஸ் டேப்லட் ஃபார் டூ இயர்ஸ்" என்று என் தங்கை பதில் கூறினாள். இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறார் என்பது அவள் மனத்தில் இருந்த பொருள்.

மருத்துவர் குறித்துக்கொண்டே, "வென் டிட் ஷீ ஸ்டாப்?" என்று கேட்டார். எப்போது நிறுத்தினார்?

தங்கை திகைத்துப் போனாள். "நிறுத்தவே இல்லையே, இன்று காலையிலும் கொடுத்தேனே" என்று தட்டுத் தடுமாறி விளக்கினாள். மருத்துவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார். இரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்ற பரிசோதனையைச் செய்து, முடிவைப் பார்த்த பின்னரே பல்லைத் தொடுவேன் என்று கூறி அனுப்பிவிட்டார். இரண்டு நாள் கழித்துப் பல் பிடுங்கப்பட்டது. யாதொரு தீங்கும் நேரவில்லை. அந்த ஒரு கேள்வியை அவர் கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எண்ணிப் பார்ப்பதில்லை.

அன்றிரவு தங்கை தொலைபேசியில் சொன்னது என்னைச் சுட்டது. "காக்கா, 'இஸ் டேக்கிங் சின்ஸ் டூ இயர்ஸ்'னு சொன்னா தப்புன்னு நீங்கதானே சின்ன வயசுல அடிச்சு அடிச்சுச் சொன்னீங்க? அதான் 'டுக்'னு சொன்னேன்."

உண்மைதான். தவறு என்று சொன்னேன். அதற்குப் பதிலாக எது சரி என்பதை அவள் மனத்தில் பதியும்படி சொல்லவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, அவள் பழைய தவற்றையே செய்திருந்தால் மருத்துவர் சரியாகப் புரிந்துகொண்டிருப்பார் என்பதுதான். "இஸ் டேக்கிங்" என்ற சொற்கள் காதில் விழுந்த மாத்திரத்தில், இன்னும் சாப்பிடுகிறார் என்பது தெரிந்திருக்கும். இலக்கணப் பிழை காதுக்கு உறுத்தும், அவ்வளவே. "டுக்" என்ற வாக்கியத்திலோ இலக்கணப் பிழையே இல்லை. பிழையற்ற அந்த வாக்கியம் பொய்யான செய்தியைச் சொல்லிவிட்டது.

இவ்விடத்தில்தான் தமிழும் ஆங்கிலமும் பிரிகின்றன. தமிழில் "இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறார்" என்று நிகழ்காலத்தில் சொன்னால், எப்போது தொடங்கிற்று, இன்னும் தொடர்கிறதா என்ற இரண்டு சேதிகளும் அதில் அடங்கிவிடும். ஆங்கிலத்தின் நிகழ்காலத்துக்கு அவ்வளவு இடம் கிடையாது. "ஷீ இஸ் டேக்கிங் இட்" என்றால் இந்நாளில் சாப்பிட்டு வருகிறார் என்பதோடு சரி. எத்தனை காலமாக என்பதை அதில் ஏற்ற முடியாது. "ஷீ டுக் இட் ஃபார் டூ இயர்ஸ்" என்றால் இரண்டு வருடம் சாப்பிட்டார், பிறகு விட்டுவிட்டார். நேற்றுத் தொடங்கி இன்றும் தொடர்வதைச் சொல்ல ஆங்கிலத்தில் "ஹேவ்" அல்லது "ஹேஸ்" வந்தே தீர வேண்டும். "ஷீ ஹேஸ் பீன் டேக்கிங் திஸ் டேப்லட் ஃபார் டூ இயர்ஸ்." என் தங்கை அன்று சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

மாத்திரைக்கு மட்டுமல்ல, பிழைப்புக்கும் இதே கதை. வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வேறு நிறுவனத்துக்கு விண்ணப்பம் எழுதி, திருத்தித் தரும்படி எனக்கு அனுப்புவதுண்டு. ஆறு வருடமாக ஒரே இடத்தில் பண்டகக் காப்பாளராக இருக்கும் பிள்ளை, "ஐ வர்க்ட் ஹியர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்" என்று எழுதியிருக்கும். படிக்கின்ற அதிகாரி, இவன் வேலையை விட்டவன் அல்லது விலக்கப்பட்டவன் என்றே எண்ணுவார். ஏன் விட்டான் என்ற சந்தேகமும் கூடவே வரும். "ஐ ஹேவ் வர்க்ட் ஹியர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்" என்று எழுதினால் அவன் இன்னும் பணியில் இருப்பவன். அந்த ஒரு "ஹேவ்" இல்லாததால் பதிலே வராமல் போன விண்ணப்பங்கள் எத்தனையோ.

"ஃபார்", "சின்ஸ்" இரண்டையும் குழப்பிக்கொள்வதற்குத் தமிழரிடம் நியாயமே இல்லை என்பேன். "இரண்டு வருடமாக", "மூன்று நாளாக" என்று நாம் "ஆக" சேர்த்துச் சொல்லும் இடமெல்லாம் ஃபார். "2015 முதல்", "வெள்ளிக்கிழமையிலிருந்து" என்று தொடக்கத்தைச் சுட்டும் இடமெல்லாம் சின்ஸ். "வெள்ளிக்கிழமையாகக் காய்ச்சல்" என்று நம்மில் யாரும் சொல்வதில்லை. "இரண்டு நாள் முதல் காய்ச்சல்" என்றும் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் மட்டும் ஏன் "சின்ஸ் டூ டேஸ்"?

இனி, தமிழும் ஆங்கிலமும் பிரியும் இன்னொரு முனைக்கு வருவோம். "காக்கா நேற்றே வந்திருக்கிறான், எனக்குத் தெரியாது" என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலம் இதை ஏற்காது. நேற்று, போன வாரம், 2019இல், அப்பொழுது என்று முடிந்துபோன வேளையைக் குறிக்கும் சொல் வாக்கியத்தில் நுழைந்துவிட்டால் "ஹேஸ்" வெளியேறிவிட வேண்டும். "ஹீ ஹேஸ் கம் எஸ்டர்டே" பிழை. "ஹீ கேம் எஸ்டர்டே" சரி. எப்போது என்று சொல்லாமல், நடந்ததன் விளைவு மட்டும் கண்முன் நிற்குமானால் "ஹீ ஹேஸ் கம்". ஆறு வயதுப் பிள்ளை "எப்போ?" என்று கேட்டதும் கேட்காததும் இதனால்தான்.

தமிழ் சும்மா இறந்தகாலத்தில் சொல்வதை ஆங்கிலம் "ஹேவ்" போட்டுச் சொல்லும் இடங்களும் உண்டு. வீட்டுக்கு வந்தவரிடம் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கிறோம். இதற்கு இங்கிலாந்தில் "ஹேவ் யூ ஈட்டன்?" என்பார்கள். நம் பேச்சுவழக்கில் "சாப்பிட்டாச்சா?", "பாங்கு சொல்லியாச்சா?" என்று ஒரு "ஆச்சு" வருகிறதே, ஆங்கில "ஹேவ்" அதற்கு நெருங்கிய உறவு. அமெரிக்கர்கள் இவ்விஷயத்தில் அவ்வளவு கண்டிப்புக் காட்டுவதில்லை. "டிட் யூ ஈட்?" என்றும், "ஐ ஆல்ரெடி எய்ட்" என்றும் பேச்சில் சொல்லிவிடுவார்கள். பேரப்பிள்ளை படம் பார்த்து அப்படிப் பேசினால் அடிக்க வேண்டாம். தேர்வுத்தாளில் மட்டும் "ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்" என்று எழுதச் சொல்லுங்கள்.

அரபு மதரஸாவில் ஓதியவர்களுக்கு இதை விளக்குவது இன்னும் எளிது. இதை எனக்குக் கற்பித்தவர், மாலை வேளையில் என்னிடம் ஆங்கிலம் பயின்ற ஓர் ஆலிம். அரபு வினைச்சொல்லுக்கு அடிப்படையில் இரண்டே வடிவங்கள்: முடிந்ததைச் சொல்லும் மாளி, முடியாததைச் சொல்லும் முளாரிஃ. நிகழ்காலம், எதிர்காலம் இரண்டுக்கும் முளாரிஃதான். எதிர்காலம் என்று திட்டமாகக் காட்ட வேண்டுமானால் முன்னால் "ஸ" அல்லது "ஸவ்ஃப" சேர்ப்பார்கள். மாளிக்கு முன்னால் "கத்" என்ற சிறு சொல்லைச் சேர்த்தால், காரியம் நடந்தேறிவிட்டது, இதோ முடிந்திருக்கிறது என்ற அழுத்தம் வந்துவிடும். நான் "ஹேவ்" பற்றி அரைமணி நேரம் விளக்கி முடித்ததும் அந்த ஆலிம், "இது எங்கள் கத் அல்லவா, சார்? இகாமத்தில் இரண்டு முறை சொல்கிறோமே!" என்றார். நான் வாயடைத்துப் போனேன். நாள்தோறும் ஐந்து வேளையும் அந்த வாசகம் காதில் விழுந்தும் எனக்குத் தோன்றாத ஒப்புமை அது. தொழுகை என்றைக்கோ நிலைநிறுத்தப்பட்டது என்பதன்று அதன் பொருள். இதோ நிற்கத் தொடங்கிவிட்டது, ஸஃப்பில் சேருங்கள் என்பது. இரு மொழிகளும் எல்லா இடத்திலும் இப்படிப் பொருந்திவிடும் என்று எண்ண வேண்டாம். முளாரிஃக்கு முன் "கத்" வந்தால் சிலவேளை, ஒருவேளை என்று பொருள் வேறாகிவிடும் என்பதையும் அவரே எச்சரித்தார்.

"ஹேட்" பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கடிதங்களில் நம்மவர் மிகத் தாராளமாகச் செலவிடும் சொல் அது. "நேற்று உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன், நீங்கள் இல்லை" என்று தமிழில் சொல்வது இயல்பு. இதை அப்படியே "ஐ ஹேட் கம் டு யுவர் ஹவுஸ் எஸ்டர்டே" என்று எழுதுகிறோம். ஆங்கிலேயன் இதைப் படித்துவிட்டு, அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருப்பான். இறந்தகாலத்தில் நடந்த இரண்டு காரியங்களுள் எது முந்தியது என்று காட்டுவதற்காகவே அவனிடம் "ஹேட்" இருக்கிறது. "நான் ரயிலடிக்குப் போய்ச் சேர்ந்தபோது வண்டி புறப்பட்டுவிட்டிருந்தது" என்பதில் வண்டி புறப்பட்டது முந்தியது. ஆகவே "தி டிரெய்ன் ஹேட் லெஃப்ட்". ஒரே ஒரு காரியம்தான் என்றால் "ஐ கேம்" போதும்.

எதிர்காலத்தைப் பொறுத்தவரை நாம் செல்வந்தர்கள். நன்னூலார் ப், வ் என்று எதிர்கால இடைநிலைகளை வகுத்துத் தந்திருக்கிறார். ஆங்கில வினைக்கோ எதிர்காலத்துக்கென்று தனி விகுதியே கிடையாது. அதனால்தான் குவர்க் முதலிய நால்வர் 1985இல் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கண நூலில், வினையின் வடிவத்தைக் கொண்டு பார்த்தால் ஆங்கிலத்துக்கு நிகழ்காலம், இறந்தகாலம் என இரண்டே காலங்கள் என்றார்கள். "வில்" என்பது கடன் வாங்கிய துணைவினை. விரும்புதல் என்பதே அதன் பழம்பொருள்.

ஆனால் நம் செல்வமே ஓரிடத்தில் நம்மைக் கவிழ்க்கிறது. "அந்தக் காலத்தில் உம்மம்மா இரவெல்லாம் கதை சொல்வார்" என்கிறோம். "சொல்வார்" என்பது வடிவத்தில் எதிர்காலம். பொருளில் பழைய வழக்கம். இதை "ஷீ வில் டெல் ஸ்டோரீஸ்" என்று பெயர்த்தால், மறைந்துபோன உம்மம்மா இனிமேல் கதை சொல்லப் போகிறார் என்றாகிவிடும். "ஷீ யூஸ்ட் டு டெல் அஸ் ஸ்டோரீஸ்" என்று சொல்ல வேண்டும். "ஷீ வுட் டெல்" என்றாலும் சரியே.

"அவர் வந்தால் சொல்கிறேன்" என்பதில் "வந்தால்" எதிர்கால வடிவம் அன்று. ஆங்கிலத்திலும் அப்படியே: "இஃப் ஹீ கம்ஸ்". அங்கே "வில்" நுழைப்பவர்கள் தமிழைக் கவனிக்காதவர்கள். "ஐ ஆம் நோயிங்" என்பவர்களும் அத்தகையோரே. "எனக்குத் தெரியும்" என்கிறோமேயன்றி, "எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது" என்று யாராவது சொல்கிறோமா? "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்பதைக் கேட்டால் ஆங்கிலேயன் சிரிப்பான். அவனுக்கு "ஹேவிங்" என்பது சாப்பிடுவதற்கும் ஆகும் சொல். "ஐ ஆம் ஹேவிங் டீ" என்றால் தேநீர் அருந்துகிறேன்.

விடைபெறும்போது "வருகிறேன்" என்று சொல்வது நம் பண்பாடு. போகிறேன் என்று சொல்ல நா எழாது. என் நண்பர் ஒருவர் லண்டனில் ஒரு வீட்டில் விருந்துண்டு விடைபெறுகையில் "ஐ ஆம் கமிங்" என்று சொல்லிவிட்டு வெளியேற, அவ்வீட்டார் கதவைச் சாத்தாமல் நெடுநேரம் நின்றார்களாம்.

ஆங்கிலத்தில் ஏதேனும் எழுத நேர்ந்தால், குறிப்பாக மருத்துவரிடமோ அலுவலகத்திலோ பேச நேர்ந்தால், முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "எப்போது" என்பதற்குப் பதில் உங்கள் வாக்கியத்திலேயே இருக்கிறதா? இருந்து, அது முடிந்துபோன வேளையானால் கேம், டுக், வர்க்ட். "எத்தனை நாளாக" என்பதற்குப் பதில் இருக்கிறது, காரியமும் இன்னும் தொடர்கிறது என்றால் ஹேவ், ஹேஸ். ஐயமாக இருந்தால் "ஸ்டில்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்து இன்னொரு வாக்கியம் சொல்லிவிடுங்கள்: "ஷீ இஸ் ஸ்டில் டேக்கிங் இட்", இன்னும் சாப்பிடுகிறார். என் தங்கை இப்போது அப்படித்தான் செய்கிறாள். மாமியாரின் மருந்துச் சீட்டுக்குப் பின்னால் அந்த வாக்கியத்தை எழுதியே வைத்திருக்கிறாள்.

இம்மாதப் பயிற்சிக்கு ஐந்து வாக்கியங்கள். வாப்பாவுக்கு மூன்று நாளாக இருமல். நாங்கள் 2012 முதல் இந்த வீட்டில் இருக்கிறோம். ராத்தா போன வாரம் ஊருக்குப் போயிருந்தாள். மழை நின்றிருக்கிறது, துணியை வெளியே காயப்போடு. சிறுவயதில் நான் தினமும் கடலில் குளிப்பேன். மூன்றாவதில் "ஹேட்" எழுதத் துடிக்கும் கையைக் கொஞ்சம் கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள். விடைகள் அடுத்த இதழில்.